நித்திய நியமமும் நந்தா விளக்கும்

பெருஞ்செயல் ஒன்றனை ஒருநாளிற் செய்து முடித்தல் உலகத்தார் பலர்க்கும் இயலும். சிறுசெயல் ஒன்றனை நாடோறும் வழுவாது செய்து வருதலோ மிகச் சிலர்க்கே இயலும். திருவிழா நாளில் ஆயிரம் விளக்கு ஏற்றுவார் பலர் உளர். விழா முடிந்த மறுநாள் மாலை அத்திருக்கோயிலில் ஒரு விளக்குக்கு நெய் வார்ப்பார் யாவர் என வினவின், விடை கூறுவார் அரியர். சிவாகமங்கள் கருமங்களை நித்தியம், நைமித்திகம், காமியம் என மூவகைப்படுத்தி, அவற்றுள் நித்தியத்தை முதற்கண் வைத்தமை இவ்வருமை நோக்கியே போலும்.

சைவ நன்மக்கள் இந்நித்திய நியமத்தை எவ்வாறு தொடங்கினர், இடையூறு வந்துழி எவ்வாறு காத்தனர், தம் காலத்துக்குப் பின்னும் அது நிற்றற்கு என்ன வழி கண்டனர் என்பன ஆராயத்தக்கன. இவற்றிற்குச் சான்று இருவகைத்து. ஒன்று, கி. பி. 12-ஆம் நூற்றாண்டில் அநபாயன் எனப்பட்ட இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தில் சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணம். மற்றொன்று, திருக்கோயிற் சுவர்களிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டு. முன்னையது அடியார் உள்ளத்தின் வரலாறு. பின்னையது அவ்வுள்ளம் ஊரின் ஒழுங்காக மாறிய வரலாறு.

திருத்தொண்டர் பலருடைய தொண்டினை எண்ணிப் பார்ப்பின், அவற்றின் எளிமையே முதலிற் புலப்படும். திருக்கடவூரிற் கலயர் இட்டது குங்கிலியத் தூபம். திருப்புகலூரில் முருகர் சாத்தியது பூமாலை. மதுரையில் மூர்த்தியார் அரைத்தது சந்தனம். தில்லையிற் கணம்புல்லரும் திருவொற்றியூரிற் கலியரும் எரித்தது விளக்கு. இவற்றுள் ஒன்றேனும் ஒருநாள் செய்தற்கு அரியது அன்று. பொருள் அழிந்தபோதும், அரசன் தடுத்தபோதும், உடல் தளர்ந்தபோதும் அதனை விடாமையே இவர்களைத் திருத்தொண்டத்தொகையில் ஏற்றியது.

இவருள் சாக்கிய நாயனார் வரலாறு நியமம் பிறக்கும் முறையினைத் தெளிவுறக் காட்டும். சங்கமங்கையில் வேளாளர் குலத்துப் பிறந்த இவர், பிறப்பறுக்கும் வழி நாடிக் காஞ்சிபுரம் புகுந்து, சாக்கிய சமயத்தைச் சார்ந்து அந்நூல்களை ஆராய்ந்தார். செய்வினை, செய்வான், அவ்வினையின் பயன், அதனைக் கொடுப்பான் என்னும் நான்கனையும் உடன்பட்டு நிற்பது சைவமே எனத் திருவருளால் தெளிந்தபின்னும், தாம் பூண்ட வேடத்தை மாற்றினாரல்லர். எந்நிலையில் நிற்பினும் சிவபெருமான் திருவடியை மறவாமையே பொருள் எனத் துணிந்து, நாடோறுஞ் சிவலிங்கத்தைக் கண்டே உண்பது என்னும் நியமம் மேற்கொண்டார். ஒருநாள் வெட்டவெளியில் இருந்த சிவலிங்கத்தைக் கண்டு, மகிழ்ச்சியால் இன்னது செய்வது என்று அறியாராய், அருகிற் கிடந்த கல் ஒன்றனை எடுத்து எறிந்தார். அதனை இறைவன் ஏற்றருளினன். மறுநாள் அவ்விடஞ் சென்றபோது, நேற்று அவ்வெண்ணம் எழுந்ததும் அவனருளே எனத் தெளிந்து, அன்றும் ஒரு கல் எறிந்தார். அதுவே அவர்க்கு நித்திய பூசையாயிற்று.

ஈண்டு நோக்கத்தக்கன மூன்று. முதல்நாட் கல் நினையாது நிகழ்ந்தது. இரண்டாம் நாட் கல்லே நினைந்து எறியப்பட்டது. ஆகலின் நியமம் பிறந்தது இரண்டாம் நாளிலேயாம். ஆர்வம் முதல்நாளைத் தரும். துணிவே மறுநாளைத் தரும். அடுத்து, அந்நியமம் ஊணொடு பிணிக்கப்பட்டிருந்தது. பசி ஒருநாளும் தவறாது வருவது. தவறாது வரும் ஒன்றனோடு தொண்டினைக் கட்டிவைத்தமையின், பசியே அவர்க்கு நினைப்பூட்டும் ஏவலாளாயிற்று. மூன்றாவது, ஒருநாள் அவரும் மறந்தார் என்பது. உண்ணப் புகுந்தபோதே கல்லெறிய மறந்தமை நினைவுக்கு வரவே, பசியையும் உணவையும் விட்டு விரைந்தோடி, அன்பு மேலிட ஒரு கல் எறிந்தார். வீடுபேறு அவர்க்கு வாய்த்தது அந்நாளிலேயாம். மறவாத நாட்கள் பல கழிந்தன. மறந்து மீண்ட நாளிலே இறைவன் உமையம்மையோடு விடைமேல் எழுந்தருளினன். மறதி மக்களுக்கு இயல்பு. ஒருநாள் மறந்தமையால் நியமம் அழிந்தது என்று கைவிடுதல் அறியாமை. மறந்தது நினைவுக்கு வந்த கணத்தே மீளுதலே நியமத்தின் உயிர் என்பது இதனாற் போதரும்.

வளம் உள்ள நாளிற் செய்யும் தொண்டு வறுமை நாளில் யாதாம் என்னும் வினாவிற்கு அதிபத்தர், அரிவாட்டாயர் என்னும் இருவர் விடையாவர். நாகப்பட்டினத்து நுளைப்பாடியிற் பரதவர் தலைவராய அதிபத்தர், நாடோறும் வலையிற் படும் மீன்களுள் தலையாய ஒன்றனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவார். மீன் குவிந்த நாளில் இஃது எளிது. பின்னர்ப் பல நாள் ஒரு மீனே வலைப்பட்டது. சுற்றத்தார் பசியால் வாடினர். அவர் உடலும் தளர்ந்தது. அக்காலத்தும் அவ்வொரு மீனை விடுத்து வெறுங்கையராய் மீண்டார். அங்ஙனம் நிகழும் நாளில் ஒருநாள் விலைமதிப்பற்ற பொன்மணி மீன் ஒன்று வலையில் வர, அன்றைக்கு அஃது ஒன்றே ஆதலின் அதனையும் கடலில் விடுத்தார். சோதனை பொன்மணி மீன் வந்த நாளில் மட்டும் நிகழ்ந்தது எனக் கருதுவார் உளர். வெறுங்கையொடு கரைசேர்ந்த நாட்கள் பலவும் சோதனை நாட்களே. அவற்றில் வழுவாது நின்ற பழக்கமே பொன்னைக் கண்டும் கலங்காத உறுதியைத் தந்தது.

கணமங்கலத்து அரிவாட்டாயர் செந்நெல்லரிசி அமுதும், செங்கீரையும், மாவடுவும் இறைவற்கு நாடோறும் கொண்டு சென்றவர். செல்வம் தொலைந்தபின் கூலிக்கு நெல் அரிந்தார். செந்நெற் கூலியை இறைவற்கு ஆக்கிக் கார்நெற் கூலியைத் தமக்கு ஆக்கினார். எங்கும் செந்நெற் கூலியே கிடைத்த காலத்தில் அதனை முழுதும் இறைவற்கே ஆக்கித் தாம் மனைப்புறத்துக் கீரை உண்டார். கீரை அற்றபின் நீர் உண்டார். இறுதியில் அவர் தளர்ந்து விழ, அமுது நிலப்பிளப்பிற் சிந்தியதும், அவர் தம் கழுத்தில் அரிவாள் பூட்டியதும் யாவரும் அறிந்தன. அவ்வரிய செயல் அன்பின் எல்லை கடந்த நிலையில் அவர்க்கே உரியது. ஏனையோர் மேற்கொள்ளுமாறு விதித்தது அன்று. ஏனையோர் கொள்ளற்பாலது அதற்கு முன் நிகழ்ந்த நெடுங்காலத்து ஒழுங்கேயாம். வருவாய் சுருங்கச் சுருங்க அவர் சுருக்கிக்கொண்டது தம் ஊணை, தொண்டினை அன்று.

இனி, தனியடியார் ஒருவருடைய நியமம் அவருடம்போடு முடிவது. அதனை உடம்பு கடந்தும் நிறுத்துதற்குத் தமிழ்நாட்டார் கண்ட வழி கல்வெட்டுக்களிற் காணப்படும். தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் இதற்குச் சிறந்த சான்று. கி. பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் அக்கோயிலுக்கு வைத்த திருவிளக்குக்களில், விளக்கு ஒன்றுக்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16 என வகுக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர், ஆடவல்லான் என்னும் திருப்பெயர் பூண்ட அளவையால் விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். சோழநாட்டுப் பிற கோயில்களிலும் 96 ஆடு என்பதே பெரும்பான்மை. சிலவிடத்து 90 எனவும் காணப்படும்.

உழக்கு என்பது நாழியில் நான்கில் ஒன்று. இத்துணைச் சிறிய அளவு ஆண்டு ஒன்றுக்கு 360 நாள் எனக் கொண்டால் 90 நாழியாகும். அறுபது ஆண்டில் 5,400 நாழி, அஃதாவது 56 கலமும் 3 குறுணியும் ஆகும். ஐம்பத்தாறு கலம் நெய்யினை ஒருங்கே தருக எனின் எவ்விடையரும் அஞ்சி ஓடுவர். நாள் ஒன்றுக்கு உழக்கு என்றமையின், அது தலைமுறை தலைமுறையாக அளக்கப்பட்டது. பெரும்பாரத்தை ஒருநாட் சுமைகளாகப் பகுத்தமையே அரசன் செய்த பேருதவி. பொருள் குறைந்தோர்க்கும் வழி அடைக்கப்படவில்லை. முழு விளக்கு வைக்க இயலாதார் அரைவிளக்கு வைத்தனர். அதுவும் இயலாதார் மாலைப்பொழுதில் மட்டும் எரியும் சந்திவிளக்கு வைத்தனர். இயன்ற அளவு யாதாயினும், குறித்த அளவு குன்றாது நிற்றலே வேண்டப்பட்டது.

இவ்வாடுகளைக் கல்வெட்டுக்கள் சாவா மூவாப் பேராடு எனக் கூறும். சாகாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் இல்லை. இறந்தனவும் மூத்தனவும் கழியக் கழிய, அம்மந்தையிற் பிறந்த குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்புதலின், தொகை என்றும் 96 ஆக நின்றது. ஆகலின் மந்தைக்குச் சாவும் மூப்பும் இல்லை. நியமம் பூண்டார் உள்ளத்தும் இஃதே நிகழ்வது. தொடக்கத்து எழுந்த ஆர்வம் மூத்துப்போம். சில நாளில் இறந்தும்போம். அது போயிற்றே என்று வருந்தி விளக்கை அணைத்தல் இடையன் அறியாத பேதைமை. நல்லோர் கேண்மை, திருமுறை ஓதல், தலயாத்திரை என்னும் இவற்றாற் புதிய ஆர்வம் பிறப்பித்துப் பழைய தொகையை நிரப்பிக்கொள்வதே செய்யற்பாலது.

விளக்கு வைத்தோர் வரலாறும் பலவகைத்து. வெற்றி பெற்ற அரசரும், மகப்பேறு வேண்டிய தேவியரும், வணிகரும், படைவீரரும் வைத்தனர். வேட்டையிற் குறிதவறி ஒருவனைக் கொன்றான் ஒருவனை, ஊரவரும் நாட்டாரும் கூடி ஆராய்ந்து, கருதிச் செய்ததன்று எனக் கண்டு, உயிர்த்தண்டம் விதியாது, இறந்தான் பொருட்டு விளக்கு வைக்குமாறு பணித்த செய்தியும் கல்வெட்டுக்கள் சிலவற்றில் உண்டு. போன உயிரை மீட்டல் எவர்க்கும் இயலாது. ஆயினும் அவ்வுயிரை ஒவ்வொரு நாளும் நினைந்து ஓர் ஒளி ஏற்றுதல் இயலும். தீராத துயரத்திற்கும் கழிவிரக்கத்திற்கும் ஒருநாட் பெருந்தானத்தினும் நாடோறுஞ் செய்யும் சிறுதொண்டே மருந்து என அக்காலத்துச் சபையார் தெளிந்திருந்தனர்.

வைத்தவர் இறப்பர், அளப்பவர் பிழைப்பர் என்பதையும் முன்னோர் மறந்திலர். இடையர் ஒருவர்க்கொருவர் புணை நின்றனர். ஒருவர் தவறின் மற்றவர் அளப்பர். அறத்தினைப் பன்மாகேசுவரர் காவலில் வைப்பது கல்வெட்டு வழக்கு. பின்வரும் காலத்தில் இவ்வறத்தைக் காப்பவனுடைய திருவடி தன் தலைமேலது என்று அரசனும் வணங்கி எழுதுவித்தான். யாவனென்று அறியப்படாத, இனிமேற் பிறக்கப்போகும் ஒருவனை முடிமன்னன் வணங்கியது, ஏற்றுவதினும் காப்பது அரிது என்று உணர்ந்தமையாலன்றோ?

திருப்பதிகம் ஓதுதற்கும் இவ்வாறே ஒழுங்கு அமைந்தது. பல்லவன் விசயநந்திவிக்கிரமவர்மன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவார்க்கு நெல் வகுக்கப்பட்டமை காணலாம். தஞ்சையில் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் நாற்பத்தெண்மரையும், உடன் முழக்குவார் இருவரையும் நியமித்து, ஒருவர்க்கு நாடோறும் மூன்று குறுணி நெல் அளக்கச் செய்தான். அவருள் ஒருவர் இறப்பினும், வேற்றூர் போயினும், அவர்க்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பதிகம் ஓதவேண்டும். அவ்வுறவினர்க்குத் தகுதி இல்லையாயின் தகுதியுடையார் ஒருவரை அவர் அமர்த்தவேண்டும். உறவினரே இல்லையாயின் ஏனை ஓதுவார் கூடித் தக்கார் ஒருவரைத் தெரியவேண்டும் என விதிக்கப்பட்டது. இடையீடு நேரக்கூடிய வாயில்களை முன்னரே எண்ணி அடைத்த திறம் போற்றற்குரியது. தன் உறுதியையே நம்பி நியமம் தொடங்குவார், நோயும் பயணமும் வருங்காலத்து என் செய்வது என்று முன்னரே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பதற்கு இக்கல்லெழுத்தே ஆசிரியன்.

இங்ஙனமாயின், நாடோறுஞ் செய்வது நாளடைவில் உணர்ச்சி அற்ற வெறுஞ்சடங்கு ஆகாதோ, அன்பு இல்வழிச் செய்யும் தொண்டினால் யாது பயன் எனச் சிலர் வினவுவர். இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. கல்லெறிந்தாரை ஆட்கொண்டது கல்லன்று, அன்பே என்பது சேக்கிழார் துணிபுமாம். எனினும் அன்பு எஞ்ஞான்றும் ஒருபடித்தாய் நிற்பதில்லை என்பதையும் சித்தாந்த நூலார் அறிவர். பாசி மூடிய குளத்திற் கல்லெறிந்தால் பாசி விலகி நீர் தோன்றும். சிறிது பொழுதில் மீண்டும் மூடிக்கொள்ளும். அரனடியை உணரும்போது மலம் அகன்று பின் அணுகுதலுக்குச் சிவஞான சித்தியார் இதனை உவமை கூறும். ஒருமுறை எறிந்த கல்லால் பாசி ஒழியும் எனின் நித்தியம் என ஒன்று வேண்டா. மூடுதல் நாடோறும் நிகழ்தலின், எறிதலும் நாடோறும் நிகழல் வேண்டும். அன்பு நிறைந்த நாளில் நியமம் அன்பிற்கு வெளிப்பாடு. அன்பு வறண்ட நாளில் நியமம் அன்பு வருதற்குத் திறந்து வைத்த வாயில். வாயிலை அடைத்துவிட்டு, வந்தால் திறப்பேம் எனல் பொருந்தாது. இடையன் மனம் சோர்ந்த நாளிலும் அளந்த நெய், அன்று சந்நிதிக்கு வந்தார் ஒருவர்க்குத் திருவுருவைக் காட்டியே எரிந்தது.

சிவஞானபோதமும் இக்கருத்திற்கு அரண். பத்தாஞ் சூத்திரம் ஏகனாகி இறைபணியில் நிற்குமாறு பணிக்கும். பன்னிரண்டாஞ் சூத்திரம் மலங் கழுவி அன்பரொடு கூடிய பின்னரும் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரன் எனத் தொழுமாறு கூறும். ஞானம் தலைப்பட்டார்க்கே இஃது ஒழியவில்லை எனின், சரியையின் முதற்படியில் நிற்பார் அதனை ஒழித்தற்கு இடம் யாண்டையது?

இப்பொருளை ஒரு காட்சியால் விளக்குவது திலகவதியார் திருச்செயல். தம்பியார் பரசமயம் புகுந்த துயரத்தால், திருவதிகை வீரட்டானத்தில் அம்மையார் அலகிடுதலும், மெழுகுதலும், மலர் பறித்து மாலை தொடுத்தலும் ஆகிய பணிகளை நாடோறுஞ் செய்துவந்தார். தம்பியாரை ஆட்கொள்ளுமாறு பலகால் விண்ணப்பித்தார். விண்ணப்பம் நிறைவேறும் நாள் அறியார். ஆயினும் அலகு அவர் கையினின்றும் நீங்கவில்லை. சூலைநோயால் வருந்திய தம்பியார் இரவில் வந்து அடியில் வீழ்ந்தார். நெடுநாள் வேண்டியது கைகூடிய அவ்விரவின் விடியலில், அம்மையார் திருநீறு அளித்துத் தம்பியாரை உடன்கொண்டு, திருப்பள்ளியெழுச்சிக் காலத்தே அலகும் மெழுக்கும் தோண்டியும் ஏந்தித் திருக்கோயில் புகுந்தார். துயரம் மிக்க நாளிலும் அப்பணி நின்றதில்லை. மகிழ்ச்சி மிக்க நாளிலும் நின்றதில்லை. பின்னர்த் திருநாவுக்கரசர் தம் வாழ்நாள் எல்லை வரை ஏந்திய உழவாரப்படைக்குத் தமக்கையார் கையிலிருந்த அலகே முன்னோடி எனல் தகும்.

அணிமைக் காலத்தில் இந்நெறியை மீண்டும் மனைதோறும் நிறுத்த முயன்றவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1847-இல் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் செய்யத் தொடங்கிய அவர், 1848-இல் அங்குச் சைவப்பிரகாச வித்தியாசாலையையும், 1864-இல் சிதம்பரத்தில் மற்றொரு வித்தியாசாலையையும் நிறுவினார். அவர் இயற்றிய சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்தில் நித்தியகருமவியல் என ஒரு பகுதியே அமைந்துள்ளது. தத்துவ விசாரத்திற்குப் பேராற்றல் படைத்த அப்பெரியார், துயிலெழுதல் முதலாகச் செய்யவேண்டியவற்றைச் சிறுவர்க்கும் விளங்கும் வினாவிடையாக எழுதியமை, சமயம் நிலைபெறுவது அன்றாட ஒழுக்கத்திலேதான் என்று கண்டமையாலாம்.

கல்வெட்டிற் கண்ட விளக்குகளுட் பல இன்று எரிவதில்லை. சந்திரரும் சூரியரும் உள்ளளவும் என்று எழுதிய எழுத்து நிற்கின்றது, மந்தை இல்லை, அளந்த இடையர் மரபும் அறியப்படவில்லை. அரசு மாறியதும், படையெடுப்பும், பஞ்சமும் காரணமாகலாம். ஆயினும் கல் தானே விளக்கை எரிப்பது அன்று என்பதும் உண்மை. நாள்தோறும் ஒரு கை வேண்டும். அக்கை ஓய்ந்த நாளில், ஆயிரம் ஆண்டிற்கு என்று எழுதியதும் ஒருநாளில் முடியும்; அக்கை எழுந்த நாளில், எழுத்தே இல்லாத விளக்கும் எரியும்.

ஆதலின் நியமம் பூணக் கருதும் அன்பர் தம்மால் இயன்ற சிறிய ஒன்றனையே தேர்க. திருநீறு அணிந்து அஞ்செழுத்தினை நூற்றெட்டு முறை எண்ணுதலாகலாம். ஒரு திருப்பதிகம் ஓதுதலாகலாம். மனையில் ஒரு விளக்கு ஏற்றுதலாகலாம். சாக்கியர் போல அதனை ஊணொடு பிணித்துக்கொள்க. அதிபத்தர் போல வறிய நாளிலும் குறைக்காது செய்க. தஞ்சை ஓதுவார் போல இடையூற்றிற்கு மாற்று வகுத்து வைக்க. அடியார் ஒருவரையேனும் புணையாகக் கொள்க. மறந்த நாள் வரின் நாணி நின்றுவிடாது, நினைந்த கணத்தே ஓடிச்சென்று அக்கல்லினை எறிக. முன்னரே தொடங்கி இடையில் விட்டவர்க்கும் இதுவே வழி. விட்ட நியமத்தை மீண்டும் பற்றுதற்கு நாளும் கோளும் நோக்கவேண்டுவதில்லை. இன்றை மாலைச் சந்தியே அமையும். உழக்கு நெய்க்கு இரங்கும் ஐயன் திருவருள் முன்னின்று நடத்துவதாக.

திருச்சிற்றம்பலம்.